காசு அடித்தலும் கலைச்சொல் ஆக்கலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கரூர் அமராவதி மணலில் கிடைத்த காசைக் கையில் வைத்திருப்பவர்கள், கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் வெள்ளிக்காசு அடித்துக் கொடுக்கும் கோவை, சேலம் பட்டறைக்காரர்கள், பள்ளியில் நாணயவியல் மன்றம் நடத்தும் ஆசிரியர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. பாதிக் கேள்விகள் உலோகத்தைப் பற்றியவை. மீதிப் பாதி, அந்த வேலையைத் தமிழில் எந்தச் சொல்லால் எழுதுவது என்பது பற்றியவை. வேலை தெரியாமல் ஆக்கிய சொல் பட்டறையில் நிற்பதில்லை. அதனால் இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்திருக்கிறோம்.

காசை அச்சில் ஊற்றுகிறார்களா, அடிக்கிறார்களா?

இன்றைய காசு அடிக்கப்படுவது. உலோகம் உருகுவதில்லை. குளிர்ந்த நிலையிலேயே, தாங்க முடியாத அழுத்தத்தில், அச்சின் பள்ளங்களுக்குள் நகர்ந்து நிறைகிறது.

வரிசை இது: உலோகத்தை உருக்கிக் கட்டியாக வார்க்கிறார்கள். உருளைகளுக்கு இடையே செலுத்தித் தகடாக்குகிறார்கள். தகட்டிலிருந்து துண்டு வெட்டுகிறார்கள். துண்டின் சுற்றோரத்தை நெருக்கி லேசாக உயர்த்துகிறார்கள். உருட்டியதாலும் வெட்டியதாலும் விறைத்துப்போன உலோகத்தைக் காய்ச்சி ஆற்றி இளக்குகிறார்கள். அமிலத்தில் கருமை நீக்கி, கழுவி, மெருகேற்றி, இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்து அடிக்கிறார்கள். அடிக்கும்போது உலோகம் பக்கவாட்டில் பிதுங்காமல் ஒரு எஃகு வளையம் சுற்றிப் பிடித்துக்கொள்கிறது. காசின் ஓரத்தில் நெடுவரிகள் இருந்தால், அவை இந்த வளையத்தின் உள்சுவரில் வெட்டிய வரிகளின் பதிவுதான். முன்பு தங்கக்காசையும் வெள்ளிக்காசையும் ஓரத்தில் சுரண்டித் திருடுவார்கள். வரி இருந்தால் சுரண்டியது உடனே தெரிந்துவிடும்.

ஏனுங்க, பத்து கிராம் வெள்ளிக்காசுக்குத் தகடு எவ்வளவு கனம் வேணும்?

விட்டத்தை முதலில் முடிவு செய்யுங்கள். 30 மி.மீ. காசு என்று வைத்துக்கொள்வோம். சுத்த வெள்ளியின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு 10.49 கிராம். ஆக, 10 கிராமின் கன அளவு 0.953 கன செ.மீ. துண்டு வளையத்துக்குள் எளிதாக விழ வேண்டும் என்பதற்காக 29.8 மி.மீ. விட்டத்தில் வெட்டினால் அதன் பரப்பு 6.975 சதுர செ.மீ. வகுத்தால் கனம் 1.37 மி.மீ. என்று வரும்.

இங்கேதான் பணம் போகும் இடம் இருக்கிறது. தகட்டின் கனம் 0.01 மி.மீ. கூடினால் ஒரு காசில் 0.07 கிராம் கூடும். நூறு காசுக்கு 7 கிராம் வெள்ளி சும்மா போய்விடும். குறைந்தாலோ வாங்கியவர் தராசோடு வந்து நிற்பார். உருட்டும்போது மைக்ரோமீட்டரைத் தகட்டின் நடுவில் மட்டும் வைத்துப் பார்ப்பது போதாது. உருளை நடுவில் வளைந்து கொடுப்பதால் ஓரம் மெல்லிதாகவும் நடு தடிப்பாகவும் வரும். மூன்று இடத்தில் அளந்து பாருங்கள்.

தகட்டை 33 மி.மீ. அகலப் பட்டையாக்கி, 31 மி.மீ.க்கு ஒன்றாக வெட்டினால் மூன்றில் ஒரு பங்கு ஓட்டைத் தகடாக மிஞ்சும். எனவே நூறு காசுக்கு, அதாவது ஒரு கிலோவுக்கு, ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ தகடு கையில் இருக்க வேண்டும். மிச்சம் உருக்கத் திரும்பிவிடும். ஆனால் முன்பணக் கணக்கில் அது சேரும்.

காய்ச்சி ஆற்றுவதைத் தவிர்த்தால் என்ன ஆகும்?

அச்சு உடையும். அல்லது எழுத்து நிறையாது. தகட்டின் கனம் பாதியாகக் குறையும்வரை உருட்டினாலே வெள்ளி விறைத்துவிடும். விறைத்த துண்டு பள்ளத்துக்குள் போகாது. பிரஸ்காரர் அழுத்தத்தைக் கூட்டுவார். அச்சு முகத்தில் மயிரிழை விரிசல் விடும்.

925 வெள்ளிக்கு (ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி) 600 முதல் 650 டிகிரி செல்சியஸ் போதும். மங்கிய வெளிச்சத்தில் பார்த்தால் மங்கலான சிவப்பாகத் தெரியும். வெயிலில் நின்று காய்ச்சினால் நிறம் தெரியாமல் மிகைச்சூட்டுக்குப் போய்விடுவீர்கள். உலோகத்தின் உள்மணிகள் பருத்து, அடித்த பிறகு முகம் ஆரஞ்சுத் தோல் போலப் புள்ளிபுள்ளியாக இருக்கும். 925-இல் செம்பு கலந்திருப்பதால் மேலே கருமை படியும். நீர்த்த கந்தக அமிலத்தில், பத்துப் பங்கில் ஒரு பங்கு அமிலம் என்ற அளவில், ஊறவைத்து நீக்கலாம். தண்ணீரில்தான் அமிலத்தைச் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். அமிலத்தில் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும்.

எத்தனை டன் பிரஸ் வேண்டும்?

30 மி.மீ. வெள்ளிக்கு, ஆழம் குறைந்த வடிவமென்றால், 80 முதல் 120 டன் வரை கணக்கிடுங்கள். கையால் சுழற்றும் ஃபிளை பிரஸ்ஸில் 20 மி.மீ.க்குள், வெறும் கோட்டு வடிவமாக இருந்தால் ஒப்பேற்றலாம். பெரிய காசை அதில் இரண்டு மூன்று அடியாக அடிப்பவர்கள் உண்டு. துண்டு ஒரு இழை திரும்பினாலும் எழுத்து இரட்டையாக விழும். அதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

அச்சை எந்த எஃகில் செய்வது? எழுத்து ஏன் நிறையாமல் போகிறது?

கோவைப் பட்டறைகளில் எளிதாகக் கிடைப்பவை ஓ.ஹெச்.என்.எஸ்., ஹெச்.சி.ஹெச்.சி.ஆர். ஆகிய இரண்டு கருவி எஃகு வகைகளும். சில ஆயிரம் காசுக்கு ஓ.ஹெச்.என்.எஸ். போதும். செதுக்கிய பிறகு 780 முதல் 820 டிகிரியில் காய்ச்சி, எண்ணெயில் குளிர்த்து, 200 முதல் 250 டிகிரியில் டெம்பர் செய்தால், அதாவது மறுபடி மிதமாகச் சூடேற்றி ஆற்றினால், கடினத்தை அளக்கும் ராக்வெல் சி அளவில் 56 முதல் 60 வரை கடினம் வரும். டெம்பரைத் தவிர்த்து அவசரப்பட்டால் அச்சு கண்ணாடிபோல் நொறுங்கும்.

வடிவத்தின் உயரம் 0.2 முதல் 0.3 மி.மீ. இருந்தாலே கண்ணுக்கு நன்றாகத் தெரியும். செதுக்கிய பள்ளத்தின் சுவர் செங்குத்தாக இருக்கக் கூடாது. பத்து டிகிரியாவது சரிவு வேண்டும். இல்லாவிட்டால் காசு அச்சைப் பிடித்துக்கொண்டு வராது. அப்படி ஒட்டிய காசைக் கவனிக்காமல் அடுத்த துண்டைப் போட்டு அடித்தால், முந்தைய காசின் முகம் இதில் குழிவாகவும் இடவலம் மாறியும் பதியும்.

எழுத்து நிறையாததற்குப் பெரும்பாலும் காரணம், முன்பக்கத்தில் உயரமான தலையும் அதற்கு நேர் பின்பக்கத்தில் உயரமான சின்னமும் இருப்பது. ஒரே இடத்து உலோகத்தை இரண்டு பக்கமும் இழுக்கின்றன. சின்னத்தை இடம் மாற்றுங்கள். அழுத்தத்தைக் கூட்டுவது கடைசி வழியாக இருக்கட்டும். எண்ணெய்ப் பிசுக்கு பள்ளத்தில் அடைந்திருந்தாலும் எழுத்து மங்கும். பெட்ரோலில் நனைத்த துணியால் துடைத்தால் சரியாகும்.

தமிழ் எழுத்துக்கு ஒரு தனிக் கவனம் தேவை. ண, ன, ணை போன்ற சுழியெழுத்துகளின் உள்வெளி சிறிதாக இருந்தால், அச்சில் அந்த இடம் ஊசிபோல் நிற்கும் எஃகுத் தீவாகிவிடும். முதலில் உடைவது அதுதான். 2 மி.மீ.க்குக் குறைவான உயரத்தில் தமிழ் எழுத்தைச் செதுக்கச் சொல்லாதீர்கள்.

சொந்தமாகக் காசு அடிப்பது குற்றமில்லையா?

நினைவுக்காசும் பூசைக்காசும் அடிக்கலாம். அரசு நாணயத்தின் சாயலில் செய்வதும், பணமாகப் புழங்கவிடுவதும் கூடாது. நாணயங்கள் சட்டம், 2011 அதைத் தடுக்கிறது. புழக்கத்தில் உள்ள நாணயத்தை உருக்குவதும் அதே சட்டப்படி குற்றம். உங்கள் வில்லையில் ரூபாய்க் குறியோ, சிங்கமுகத் தூணோ, மதிப்பு எண்ணோ வேண்டாம்.

பத்து ரூபாய் காசை நம்மூரில் வாங்க மாட்டேன் என்கிறார்களே, எது செல்லும்?

எல்லாம் செல்லும். 14 வடிவங்களில் வந்த பத்து ரூபாய் நாணயங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் தெளிவுபடுத்தியது. பதினைந்து கோடு இருந்தால் போலி, பத்து கோடு இருந்தால் நல்லது என்று சந்தையில் பேசுவதற்கு அடிப்படை இல்லை. ரூபாய்க் குறி வருவதற்கு முந்தைய வடிவமும் பிந்தைய வடிவமும் அவை.

ஆண்டு எண்ணுக்குக் கீழே பாருங்கள்: வைரக் குறி இருந்தால் மும்பை, விண்மீன் என்றால் ஐதராபாத், புள்ளி என்றால் நொய்டா. குறியே இல்லையென்றால் கொல்கத்தா. 2019-இல் அறிமுகமான வரிசையில் பத்து ரூபாய் 7.74 கிராம், 27 மி.மீ.; இருபது ரூபாய் பன்னிரண்டு பக்கம் கொண்டது, 8.54 கிராம். ஒரு கொடுக்கலுக்கு ஆயிரம் ரூபாய் வரைதான் ரூபாய்க் காசுகளைச் சட்டப்படி வற்புறுத்திக் கொடுக்க முடியும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

கரூரில் கிடைக்கும் சேரர் காசு உண்மையா, வார்த்த போலியா? எப்படிப் பார்ப்பது?

சதுரச் செப்புக்காசில் ஒருபக்கம் யானை, மறுபக்கம் வில்லும் அம்பும் வருவது பரவலான வகை. மாக்கோதை, குட்டுவன் கோதை, கொல்லிப்பொறை என்று தமிழி (தமிழ்ப் பிராமி) எழுத்தில் பெயர் பொறித்தவையும் கரூர்ப் பகுதியிலிருந்து வெளிவந்திருக்கின்றன. பெயர் பொறித்தவற்றுக்கு விலை அதிகம். போலியும் அங்கேதான் அதிகம்.

பத்து மடங்கு லென்ஸில் முதலில் ஓரத்தைப் பாருங்கள். இரண்டு பாதி அச்சில் வார்த்திருந்தால் ஓரத்தைச் சுற்றி ஒரு கோடு ஓடும், அல்லது அந்தக் கோட்டை அரத்தால் ராவிய தடம் இருக்கும். முகத்தில் ஊசிமுனைக் குழிகள் சிதறியிருந்தால் அவை வாயுக் குமிழிகள். அடித்த காசில் எழுத்தின் சுவர் தளத்தோடு கூர்மையாகச் சேரும். வார்த்ததில் மெழுகு வழிந்தாற்போல் மழுங்கிச் சேரும். இரண்டு காசில் ஒரே கீறல் ஒரே இடத்தில் இருந்தால் இரண்டையும் விட்டுவிடுங்கள். பழைய காலத்திலும் வார்த்த காசுகள் உண்டு என்பதால், ஓர் அடையாளத்தை மட்டும் வைத்து முடிவு கட்டாமல், எடை, உலோகம், துரு மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். கரூர், கோவை, ஈரோடு அரசு அருங்காட்சியகங்களுக்கு ஒருமுறை போய் வந்தால் கண் பழகும்.

புளி போட்டுத் தேய்த்துவிட்டேன். பளபளவென்று இருக்கிறது. நல்லதுதானே?

இல்லை. அந்தப் பச்சைப் படலம்தான் செப்பைக் காத்து வந்தது. எழுத்தின் மெல்லிய கோடுகளும் அதில்தான் நின்றிருந்தன. புளி, எலுமிச்சை, விபூதி, பித்தளை பாலிஷ் எதுவும் வேண்டாம். காய்ச்சி வடித்த நீரில் ஊறப்போட்டு, சில நாட்களுக்கு ஒருமுறை நீரை மாற்றி, மண்ணை மூங்கில் குச்சியால் நெகிழ்த்துங்கள். நன்றாக உலர்த்திய பின் அமிலமில்லாத காகித உறையில் வையுங்கள். பி.வி.சி. பிளாஸ்டிக் உறை நாளடைவில் பிசுபிசுப்பான பச்சையை உண்டாக்கும்.

இறுகிய பச்சை நோய் அல்ல. தொட்டால் உதிரும் வெளிர்பச்சைப் பொடிதான் குளோரைடு அரிப்பு. அந்தக் காசை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் உலர்வாக வைத்து, பாதுகாப்பு வல்லுநரிடம் காட்டுங்கள்.

காட்டை உழும்போது ஒரு கலயம் காசு கிடைத்தால்?

1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய் மதிப்புக்கு மேற்பட்ட புதையலை மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கலயத்தைக் கவிழ்க்காதீர்கள், காசுகள் கிடந்த வரிசையும் ஆய்வாளருக்குச் சான்றுதான்.

ரோமானியக் காசு கொங்கு நாட்டில் ஏன் இவ்வளவு?

ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் மணிக்கல் பட்டறைகளும் இரும்புருக்கு உலைகளும் இருந்தன. நொய்யலை ஒட்டிய பாதை மேற்குக் கடற்கரையையும் கரூரையும் இணைத்தது. வெள்ளலூர், பொள்ளாச்சி, கரூர் எல்லாம் அந்தத் தடத்தின் சுற்றுவட்டம்தான். கிடைப்பவற்றில் பேரரசர்கள் அகஸ்டஸ், திபேரியஸ் காலத்து வெள்ளித் தெனாரியஸ்கள் மிகுதி. பின்வந்த பேரரசர் நீரோ கி.பி. 64 வாக்கில் எடையையும் வெள்ளித் தரத்தையும் குறைத்தார். அதன்பின் வந்த வெள்ளிக்காசுகள் இங்கு அரிது. இங்கே காசு உள்ளிருக்கும் வெள்ளிக்காக வாங்கப்பட்டது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம். தங்கக்காசுகள் சிலவற்றில் பேரரசரின் முகத்தின்மேல் உளிவெட்டு இருப்பதையும் காணலாம்.

சரி, இதையெல்லாம் தமிழில் எழுதும்போது சொற்களை எங்கிருந்து எடுப்பது?

முதலில் தட்டார் பட்டறையில் கேளுங்கள். குகை (உருக்கும் கலம்), துருத்தி, வெங்காரம், உரைகல், சாமணம் (இடுக்கி), மாற்று (பொன்னின் தரம்) என்று பாதி வேலைக்குச் சொல் தயாராக இருக்கிறது. அடுத்து, பழைய அகராதியும் கல்வெட்டும். நாணயம் அடிக்கும் இடத்துக்கு அக்கசாலை, கம்பட்டக்கூடம் என்ற சொற்கள் உண்டு. அடிக்கும் அச்சுக்குக் கம்பட்டமுளை. கொங்குக் கல்வெட்டுகளில் ஆனையச்சு, பழஞ்சலாகை அச்சு என்று காசின் பெயராகவே அச்சு வருகிறது. ஆகவே பழங்காசுக் கட்டுரையில் அச்சு என்று எழுதும்போது கருவியா காசா என்பது தெளிவாக இருக்க வேண்டும். குழம்புமிடத்தில் மேலச்சு, கீழச்சு என்று கருவியைப் பிரித்துச் சொல்லிவிடலாம்.

இரண்டிலும் இல்லாதபோதுதான் புதிதாக ஆக்க வேண்டும். அப்போது ஆங்கிலச் சொல்லை ஓரமாக வைத்துவிட்டு, அந்தப் பொருள் என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். சுற்றிப் பிடிக்கும் எஃகு வளையத்தைப் பிரஸ்காரர்கள் காலர் என்கிறார்கள். அகராதியைப் பார்த்துக் கழுத்துப்பட்டி என்று எழுதியதையும் கண்டிருக்கிறோம். காசுக்குக் கழுத்து இல்லை. உலோகம் பிதுங்காமல் அணைத்து நிறுத்துவது அதன் வேலை. அணைவளையம் என்றால் பார்த்தவுடன் புரிகிறது.

அடிப்பதற்கு முந்தைய துண்டை 'வில்லை' என்று எழுதலாமா? நல்ல சொல்தானே?

நல்ல சொல்தான். முன்னே பூசைக்காசைப் பற்றிச் சொல்லும்போது நாங்களே அதை எழுதியிருக்கிறோம். அச்சுப் படாத துண்டுக்குத்தான் வேண்டாம் என்கிறோம். சேரர் காசைப் பற்றி எழுதும்போது "வில்லைப் பொறித்தனர்" என்று வந்தால், வில் என்ற சின்னத்தையா, துண்டையா என்று வாசகர் தடுமாறுவார். பள்ளிப் பாடத்தில் வில்லை என்றால் லென்ஸ், மருந்துக்கடையில் மாத்திரை. வட்டு என்று பார்த்தால், சேரர் காசு சதுரம். தகடு என்றால் துண்டை வெட்டியெடுத்த தகட்டோடு குழம்பும். காசுத்துண்டு என்பது வட்டத்துக்கும் சதுரத்துக்கும் பொருந்துகிறது, வெட்டியது என்பதையும் சொல்லிவிடுகிறது. அதைப் பரிந்துரைக்கிறோம்.

இந்த மோதல் சோதனையை எல்லாச் சொல்லுக்கும் செய்யுங்கள். ஐ, ஆல், கு, இல் என்று வேற்றுமை உருபு சேர்த்து வாக்கியத்தில் போட்டுப் பாருங்கள். தனியாக நிற்கும்போது தெரியாத குழப்பம் அங்கே வெளிப்படும். துண்டுகளை அச்சுக்குள் தள்ளும் கருவிக்கு, ஊட்டு என்ற வினையோடு இகரம் சேர்த்து ஊட்டி என்றால் இலக்கணம் சரி. ஆனால் கோவைக்காரர் மலைக்குத்தான் போவார். துண்டூட்டி என்றால் தீர்ந்தது.

விளிம்பு, ஓரம் இரண்டும் ஒன்றுதானே?

பேச்சில் ஒன்று. நாணயவியலில் இரண்டு தனி உறுப்புகள்: முகத்தைச் சுற்றி உயர்ந்து நிற்கும் வளையம் ஒன்று, வரிகள் இருக்கும் பக்கவாட்டுத் தளம் மற்றொன்று. இரண்டுக்கும் விளிம்பு என்றே எழுதுவதால் ஏல விவரணைகளில் தகராறு வருகிறது. பக்கவாட்டுத் தளத்துக்கு ஓரம் போதும். உயர்ந்த வளையத்துக்கு வரப்பு என்று எழுதுங்கள். வயலின் வரப்பு தண்ணீரைக் காப்பதுபோல இது நடுவிலுள்ள வடிவத்தைத் தேய்மானத்திலிருந்து காக்கிறது, காசை அடுக்கவும் உதவுகிறது. சுற்றோரத்தை உயர்த்தும் எந்திரம் வரப்பேற்றி. உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

புதுச்சொல் எவ்வளவு நீளம் இருக்கலாம்?

பட்டறையில் ஒரே மூச்சில் கூவக்கூடியதாக இருக்க வேண்டும். ஆறேழு எழுத்தைத் தாண்டினால் ஆட்கள் சுருக்கிவிடுவார்கள். பேருந்து நின்றதற்கு அதன் நீளமும் ஒரு காரணம். பேச்சில் பஸ் இருக்கிறதே என்பீர்கள். இருக்கட்டும், அறிவிப்புப் பலகையிலும் பாடநூலிலும் செய்தியிலும் பேருந்து இடம் பிடித்துவிட்டது. எழுத்துத் தளத்தில் நின்றாலே கலைச்சொல்லுக்கு வெற்றிதான்.

கொங்கு நாட்டில் இந்த வேலையை முன்பு யார் செய்தார்கள்?

1916-இல் சேலத்தில் ராஜாஜியும் வெங்கடசுப்பையரும் அறிவியல் சொற்களுக்காகத் தமிழ்ச் சாஸ்திர பரிபாஷைச் சங்கத்தை அமைத்தனர். அவர்கள் வடமொழிச் சொற்களைத் தாராளமாக எடுத்தனர். மொடக்குறிச்சி அருகே மஞ்சக்காட்டுவலசில் பிறந்த பெரியசாமித் தூரன், 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வந்த தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் முதன்மை ஆசிரியர். அத்தனை துறைகளையும் தமிழில் எழுதவைக்கும்போது ஆயிரக்கணக்கில் சொல் தேவைப்பட்டிருக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள். எங்கள் பார்வையில் தூரனின் வழியே சிறந்தது: சொல்லைத் தனிப்பட்டியலாக விடாமல் கட்டுரைக்குள் வைத்துப் புழங்கவிடுவது.

ஆக்கிய சொல்லை எங்கே கொடுப்பது?

தமிழ்நாடு அரசின் அகரமுதலித் திட்ட இயக்ககம் நடத்தும் சொற்குவை தளத்தில் முதலில் தேடுங்கள். ஏற்கெனவே ஒரு சொல் இருந்தால், அதில் குறையில்லாதவரை அதையே எழுதுங்கள். ஒரே பொருளுக்கு நான்கு சொல் இருப்பது மாணவருக்குத் தொல்லை. இல்லையென்றால், சொல்லோடு அந்தப் பொருளின் வேலை, ஒரு வரைபடம், இரண்டு எடுத்துக்காட்டு வாக்கியம் ஆகியவற்றைச் சேர்த்து அனுப்புங்கள். வெறும் சொல்லை மட்டும் அனுப்பினால் அது ஏன் அப்படி ஆக்கப்பட்டது என்பது படிப்பவருக்குத் தெரியாது.

அப்படியானால் டை, பிரஸ், டெம்பர் என்று எழுதுவது தப்பா? இந்தப் பக்கத்திலேயே பிரஸ், டெம்பர் என்று எழுதியிருக்கிறீர்களே?

தப்பில்லை. வேலையாளுக்குக் கொடுக்கும் ஆர்டரில் டை என்றே எழுதுங்கள். அங்கே புரியாமல் போனால் எஃகு வீணாகும். தமிழ்ச் சொல்முதலில் டகரம் வராது என்பது இலக்கணம். பிறமொழிச் சொல்லின் ஒலியைத் தமிழ் எழுத்துக்கு இசைத்துக்கொள்ளும் வழியையும் தொல்காப்பியமே காட்டுகிறது. பாடம், கட்டுரை, அருங்காட்சியகக் குறிப்பு ஆகியவற்றில் அச்சு என்று எழுதுங்கள். முதல்முறை வரும்போது "பட்டறையில் டை எனப்படும் அச்சு" என்று ஒரே ஒரு தடவை சேர்த்துச் சொல்லிவிட்டு, அதன்பின் அச்சு என்றே தொடருங்கள். ஹெச்.சி.ஹெச்.சி.ஆர். போன்ற எஃகின் தரப்பெயர்களை மட்டும் எங்கேயும் மொழிபெயர்க்காதீர்கள். கடைக்காரர் வேறு எஃகைக் கொடுத்துவிடுவார்.